சத்தமாகச் சொன்ன ஜெபம்

அத்தியாயம் பதினொன்று

கடைசி வளைவில் குருவி சட்டென்று நின்றதை மைதானத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். குனிந்து ஷூ லேஸை இறுக்குகிறாள் என்றுதான் நினைத்தார்கள். லேஸ் அவிழவே இல்லை என்பது அவளுடைய அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். போன வாரம் அவர்களை அந்த வளைவில்தான் விட்டுவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு நடந்தது இவ்வளவுதான். விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறைக்குள் தங்கையை அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினான் பெரியவன். அவள் வலது காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஓரமாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தான். ஓர் இடத்தில் மெதுவாக அழுத்தினான். குருவி பனியனின் கழுத்தைக் கடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. கண்ணீர் வந்தது.

"மாஸ்டர்கிட்ட சொல்லாதேண்ணா."

பெற்ற அப்பாவைத்தான் மாஸ்டர் என்றாள். அந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் தடகள அணிக்கு அப்பாதான் தலைமைப் பயிற்சியாளர். மைதானத்தின் கம்பிக் கதவுக்கு உள்ளே மாஸ்டர், வெளியே அப்பா. இது அவர் போட்ட சட்டம். கதவு எங்கே முடிகிறது என்பதில் அவருக்கே சில நாள் தடுமாற்றம் வரும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மகளைப் பார்த்து, "தோளைத் தளர்த்து, தோளைத் தளர்த்து" என்பார்.

பெரியவன் அந்த அணியின் பிசியோ. பகலெல்லாம் பிள்ளைகளின் கணுக்காலிலும் முழங்காலிலும் டேப் சுற்றிக்கொண்டிருப்பதால் மாணவர்கள் அவனுக்கு 'டேப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் அவனும் இதே மைதானத்தில் ஓடியவன். இப்போது இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அண்ணனும் தங்கையும் ஏன் மறைத்தார்கள் என்று புது வாசகர்கள் கேட்கலாம். தடகள அணியைக் கலைத்துவிட்டு, மைதானம் இருக்கும் இடத்தில் பெரிய கலையரங்கம் கட்டுவதாக நிர்வாகக் குழு பேச ஆரம்பித்திருந்தது. மாஸ்டர் போய் நின்று, மன்றாடி, துணைவேந்தர் அம்மாவிடம் ஒரே ஒரு வாய்ப்பு வாங்கி வந்தார். இந்தச் சனிக்கிழமை சாம்பியன்ஷிப்பில் பெண்கள் தொடர் ஓட்டத்தில் ஜெயித்துவிட்டால் அணி பிழைக்கும். தொடர் ஓட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும். மாஸ்டரிடம் அந்த ஓட்டத்துக்கு இருப்பதும் நான்கே பெண்கள். கடைசிச் சுற்று குருவியுடையது.

மறைத்துவிடுவது என்று முடிவு செய்தவன் மறைத்திருக்க வேண்டும். பெரியவனால் அது முடியவில்லை. எதையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, மூன்றாவது தடவை 'சரியாகத்தான் பார்த்தேனா' என்று சந்தேகப்படுகிறவன் அவன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பாடகர் குழுவின் அங்கிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதேம்மா. ஜெபம் மட்டும் பண்ணிக்கோ."

"சரிப்பா," என்றாள் அம்மா. இஸ்திரிப் பெட்டி ஒரு நொடி நின்றது. மறுபடி நகர்ந்தது.

புதன்கிழமை காலையில், அவன் சொன்ன வேலையை அம்மா செய்தாள்.

&nbsp;

பெரிய போட்டி எதுவாக இருந்தாலும் அந்த வாரத்தின் நடுவில் ஒரு காலை, பல்கலைக்கழகச் சிற்றாலயத்தில் 'அனுப்பும் ஆராதனை' நடக்கும். அணி முழுவதும் சீருடையில், வெறுங்காலோடு முன்வரிசையில் நிற்க வேண்டும். அவர்களுடைய முள் ஷூக்கள் பீடத்தின் கீழ்ப்படியில் ஜோடி ஜோடியாக இருக்கும். போதகர் ஜெபித்து முடித்ததும் அவரவர் ஷூவை எடுத்துக்கொண்டு வெளியே போய்த்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். என்னதான் புனிதமான வழக்கம் என்றாலும், அத்தனை ஷூவும் ஒரே இடத்தில் சேரும்போது வரும் வாசனைக்குப் புனிதம் தெரியாது. முன்வரிசைப் பேராசிரியர்கள் அன்றைக்கு மட்டும் நான்காவது வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அம்மா ஓரத்தில் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே பாட்டு ஆசிரியை. மாஸ்டர் தன் அணிக்குப் பின்னால் கைகட்டி நின்றார். பெரியவன் தூணோரம் நின்றான்.

போதகர் வழக்கம்போல, "வேறு யாருக்காவது ஜெபத் தேவை உண்டா?" என்று கேட்டார்.

பொருளாதாரப் பேராசிரியர் எழுந்து தன் முதுகுவலியைச் சொன்னார். அந்த முதுகுக்காக இந்தப் பல்கலைக்கழகம் செய்த ஜெபத்துக்கு ஒரு மலையே நகர்ந்திருக்கும். முதுகு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் தேர்வுக்காகக் கேட்டான். அவன் நண்பர்கள் சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

அப்போது ஆர்கன் பக்கமிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"என் மகளுக்காக ஜெபிச்சுக்கோங்க," என்றாள் அம்மா. பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பழகிய குரல். கடைசி வரிசை வரைக்கும் பிசிறில்லாமல் போனது. "வலது கால் எலும்புல அடிபட்டிருக்கு. விரிசலா இருக்குமோன்னு பயமா இருக்கு. அதை மறைச்சுக்கிட்டு ஓடிட்டிருக்கா. கர்த்தர் அவளைக் காப்பாத்தணும்."

பெரியவன் முதலில் குருவியைத்தான் பார்த்தான்.

குருவி திரும்பவில்லை. ஆனால் அவள் காதுமடல்கள் சிவந்ததைத் தூணோரத்திலிருந்தே பார்க்க முடிந்தது. பக்கத்தில் நின்ற மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் குனிந்து அவள் வலது காலைப் பார்த்தார்கள்.

போதகர் நல்லவர். நல்லவர்கள் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. ஒலிபெருக்கியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு அந்த எலும்பை, அதன் விரிசலை, அது தரும் வேதனையை, அதை மறைத்த பிள்ளையின் மனப் பாரத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பெரியவனால் மூட முடியவில்லை. அதனால்தான், கண் திறந்திருந்த இன்னொருவரையும் அவன் பார்த்தான். துணைவேந்தர் அம்மா மாஸ்டரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் அசையவில்லை. 'ஆமென்' மட்டும் மற்றவர்களை விட ஒரு நொடி தாமதமாக வந்தது.

&nbsp;

வெளித் தாழ்வாரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள். தொடர் ஓட்டத்தில் முதல் சுற்று ஓடும் ஒல்லிப் பெண், குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடுகிறவள், மெதுவாகக் குருவியிடம் நகர்ந்து வந்தாள்.

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்லக்கா."

"சொல்லி? நீ ரெண்டு சுற்று ஓடியிருப்பியா?"

குண்டூசி தன் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

துணைவேந்தர் அம்மா மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மாஸ்டர், "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்பது மட்டும் கேட்டது. பிறகு மாஸ்டர் மகனைப் பார்த்துப் பேசினார், மகளைப் பார்க்காமல்.

"மருத்துவ மையத்துக்குக் கூட்டிட்டுப் போ. படம் எடுக்கச் சொல்றாங்க."

அம்மா பாட்டுப் புத்தகங்களை அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குருவி எழுந்து அவள் முன்னால் போய் நின்றாள்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னான்ல?"

"நான் யார்கிட்ட சொன்னேன்? ஜெபத்துலதானே சொன்னேன்."

"அம்மா, மொத்த யூனிவர்சிட்டியும் உக்காந்திருந்தது!"

"அவங்க கேட்டாங்கன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

குருவி சிரித்தாள். சிரிப்பு என்று சொல்ல முடியாது. உதடு மட்டும் ஒரு பக்கமாகக் கோணியது. "இனிமே நீ எனக்காக ஜெபமே பண்ண வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். நொண்டக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள். அப்படி வைத்ததே காட்டிக்கொடுத்தது.

பெரியவன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். ஜெபத்தில் சொன்னது வெளியே போகாது என்று நிஜமாகவே நம்பிவிட்டாளா? இந்த அம்மாவிடம் போய்ச் சொன்ன தன் புத்தியை எதனால் அடிப்பது? தன்னைத்தானே நொந்துகொண்டு தங்கையின் பின்னால் நடந்தான்.

&nbsp;

மருத்துவ மையத்து டாக்டருக்குப் பேச்சில் சர்க்கரை தடவத் தெரியாது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் செருகி, பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

"இதோ, இந்தக் கோடு தெரியுதா? மயிரிழைதான். ஆனா மயிரிழையிலதான் எல்லாமே தொடங்குது."

குருவி உள் அறையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு திரைதான். பெரியவன் குரலைத் தாழ்த்தினான்.

"சனிக்கிழமை ஓடினா என்ன ஆகும் டாக்டர்?"

"முழுசா ஓடி முடிச்சாலும் முடிப்பா. பாதியில எலும்பு ரெண்டா உடைஞ்சு விழுந்தாலும் விழுவா. உடைஞ்சா ஆபரேஷன், தகடு, அதுக்கப்புறம் ஓட்டத்தை டிவியில பார்க்கலாம். நான் ஜோசியக்காரன் இல்லப்பா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதையேதானே போன வாரம் உங்கப்பாகிட்டயும் சொன்னேன்?"

"எங்கப்பாகிட்டயா?"

டாக்டரின் கை நின்றது. வாய் தவறிவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சொன்னதை விழுங்குகிற ஆள் இல்லை அவர்.

"வந்தார். ஒரு பொண்ணுக்கு இந்த இடத்துல வலி இருக்கு, தொட்டா துள்ளுது, ஓடினா எவ்வளவு தூரம் தாங்கும்னு கேட்டார். யாருன்னு சொல்லல. அணியில யாரோன்னு நினைச்சேன்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "அணியில யாரோதானே."

பெரியவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்தச் சோற்றையே பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வெளியே வந்து வாகை மரத்தடியில் நின்றார்கள்.

"கேட்டுதா?" என்றான்.

"கேட்டுது."

"அவருக்குத் தெரியும் குருவி. தெரிஞ்சே திங்கட்கிழமை உன்னை முழு வேகத்துல ஓட விட்டிருக்கார்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகத்தில் வந்தது இரண்டும் இல்லை. உள்ளே எங்கேயோ விளக்குப் போட்டது போல ஒரு வெளிச்சம் வந்தது.

"தெரிஞ்சும் என்னை எடுத்து வெளியே வைக்கலையேண்ணா," என்றாள். "அவ்வளவு நம்பியிருக்கார் என்மேல."

இதே வார்த்தைகளைப் பெரியவன் முன்பு கேட்டிருக்கிறான். யாரும் அவனிடம் சொன்னதில்லை. குதிகால் தசைநார் வீங்கிக் கிடந்த ஒரு காலைப் பொழுதில், பந்தயக் கோட்டில் நின்றபடி, அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அது.

&nbsp;

மதியம் பாட்டு அறையில் அம்மா தனியாக இருந்தாள். மாணவர்கள் கலைத்துப் போட்டுவிட்டுப் போன நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு முன்னாடியே தெரியும்மா," என்றான் வாசலில் நின்றபடியே.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உங்கப்பாவுக்குத் தெரியும்னு தெரியும்." அம்மா ஒரு நாற்காலியைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தாள். "ஒரு வாரமா அவ நடந்து போனா அவர் அந்தப் பக்கமே திரும்பறதில்ல. சுவரைப் பார்க்கறார், தட்டைப் பார்க்கறார், காலண்டரைப் பார்க்கறார். பொழுது விடிஞ்சா சாயங்காலம் வரைக்கும் ஊர்ப் பிள்ளைங்க காலையே பார்த்துட்டு இருக்கற மனுஷன், சொந்தப் பொண்ணு காலைப் பார்க்க மாட்டேங்கறார்னா என்ன அர்த்தம்? உனக்கு அப்படி ஆனப்பவும் இதே மாதிரிதான் சுவரைப் பார்த்தார். நீ வந்து சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்குக் கணக்கு சரியா வந்துது."

பெரியவன் மெதுவாக உள்ளே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்போ நீ... தெரியாம சொல்லல."

"தெரியாம சொல்றதுக்கு நான் என்ன பச்சைக் குழந்தையா?"

"வீட்டுலயே சொல்லியிருக்கலாம்லம்மா."

"வீட்டுல சொன்னா கத்துவார். மைதானத்துக்குப் போய்ச் சொன்னா, 'இங்க நீ யாரு, வெளிய போ'ம்பார். நான் சொல்றதை நடுவுல வெட்டாம அவர் நின்னு கேட்க வேண்டிய இடம் எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு." கையிலிருந்த தூசியைத் தட்டினாள். "ஜெபத்துக்கு நடுவுல எழுந்து, 'மேடம், அது பொய்'னு சொல்ற தைரியம் உங்கப்பாவுக்குக் கிடையாது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"அவ உன்கூடப் பேச மாட்டேங்கறாம்மா. மருத்துவ மையத்துலேர்ந்து வர்ற வழியெல்லாம், 'அம்மா கழுத்தை அறுத்துட்டா'ன்னுதான் சொன்னா."

"சொல்லட்டும்."

"அணி கலைஞ்சா எல்லாப் பழியும் உன் தலையிலதான் விழும்."

"விழட்டும்."

அம்மா அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் இடது காலைப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து, நேராக, மறைக்காமல் பார்த்தாள்.

"உன் காலுக்கு நான் ஜெபம் பண்ணலைன்னா நினைச்சே? பண்ணேன். கதவைச் சாத்திக்கிட்டு, விளக்கை அணைச்சுட்டு, உங்கப்பா காதுல விழாம, அண்டை வீட்டுக்குத் தெரியாம, குடும்ப மானம் போகாம பண்ணேன். நீ ஓடினே." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அதான்பா, இந்தத் தடவை சத்தமா பண்ணினேன்."

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து, மிச்ச நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தாள். அவனும் எழுந்து உதவினான்.

&nbsp;

வெயில் தாழ்ந்தபோது மாஸ்டர் மைதானத்தில் இருந்தார். பயிற்சியை ரத்து செய்துவிட்டார் போலிருக்கிறது. ஓடுபாதையில் ஒரு பிள்ளையும் இல்லை. தொடர் ஓட்டக் கட்டையைக் கைமாற்றும் இடத்தில் மண்டியிட்டு, மங்கிப்போன கோட்டின் மேல் சுண்ணாம்புத் தூளைப் போட்டுக்கொண்டிருந்தார். கோடு நேராகத்தான் இருந்தது. அதையே மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

கம்பிக் கதவுக்கு உள்ளே வந்து நின்று பெரியவன் கூப்பிட்டான்.

"அப்பா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். திருத்தவில்லை.

"டாக்டர் சொன்னாரா?"

"சொன்னார். போன வாரம் உங்ககிட்ட சொன்னதையும் சொன்னார்."

மாஸ்டர் சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்தார். சற்று நேரம் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"துணைவேந்தர் அம்மா கூப்பிட்டுப் பேசினாங்க," என்றார். "'உங்க பொண்ணு, உங்க அணி. ஓட வெச்சாலும் சரி, நிறுத்தினாலும் சரி, நான் குறுக்க நிக்க மாட்டேன். நாளைக்குக் காலையில உங்க முடிவைச் சொல்லுங்க'ன்னுட்டாங்க. எவ்வளவு சுலபமா கையைக் கழுவிட்டாங்க பார்த்தியா?"

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"அவ ஓடலைன்னா மத்த மூணு பேரும் ஓட முடியாது. ஓடலைன்னா அணி கிடையாது. அந்தக் குண்டூசி இருக்காளே, அவ வீட்டுல புத்தகம்னு ஒண்ணைப் பார்த்திருப்பாளா? ஓடத் தெரிஞ்சதாலதான் இந்தக் கதவு அவளுக்குத் திறந்துது. அவ மாதிரி இன்னும் எத்தனை பேர்! இதை மூடிட்டா அவங்களுக்கு அடுத்து யாரும் உள்ளே வர முடியாது." அவர் ஓடுபாதையைப் பார்த்தே பேசினார். "ஒரே ஒரு சுற்றுடா."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் பெரியவனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு பொய் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கலாம்.

"நீ நல்லாக் கட்டிவிட்டா," என்றார் மாஸ்டர், "ஒரு சுற்று தாங்குமா?"

ஆக, துணைவேந்தர் அம்மா அப்பாவின் கையில் வைத்தது இப்போது அவன் கைக்கு வந்துவிட்டது.

அவன் யோசித்தான். யோசிக்காமல் பதில் சொல்ல அவனுக்கு வராது. டேப் எலும்பைத் தாங்காது. தாங்குவதாகக் காலை நம்பவைக்கும், அவ்வளவுதான். கீழிருந்து மேலாக, சதையை எலும்பின் பக்கம் இழுத்து, பட்டைக்குப் பட்டை பாதி மூடுகிற மாதிரி கட்டினால், வலி கொஞ்சம் தள்ளி நிற்கும். ஒரு சுற்று அவள் ஓடிவிடலாம். ஓடாமலும் போகலாம். 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அது பொய். அப்பாவிடம் பொய் சொல்லித் தப்பிப்பதும், அப்பா இத்தனை நாள் சுவரைப் பார்த்ததும் ஒன்றுதான் என்று அவனுக்குப் பட்டது.

"தாங்கினாலும் தாங்கலாம்," என்றான். "ஆனா நான் கட்ட மாட்டேன்."

"நான் கேட்டது தாங்குமான்னு."

"நான் சொல்றது கட்ட மாட்டேன்னு."

மாஸ்டரின் தாடை இறுகியது. "அன்னைக்கு உன்னை நான் கட்டாயப்படுத்தி ஓட வைக்கலடா. ஓடறியான்னு கேட்டேன். நீதான் ஓடறேன்னே."

"கேட்டது யாருப்பா? நீங்களா, மாஸ்டரா?"

காற்று அடித்தது. புதிதாகப் போட்ட சுண்ணாம்பு ஓடுபாதையில் மெல்லக் கலைந்து பரவியது. மாஸ்டர் அதைத் தடுக்கவில்லை. திட்டுவார், விசிலை எடுத்து எறிவார், 'வெளியே போ' என்பார் என்று பெரியவன் காத்திருந்தான்.

"சரி," என்றார் அவர்.

எது சரி என்று சொல்லவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு, மைதானத்தின் மறுபக்கம் நடக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் நடையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வயது தெரிந்தது.

&nbsp;

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெரியவன் குருவியிடம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தான். முதலில், தான் கட்ட மாட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். அவள் கத்துவாள். கத்தி முடித்ததும் தன் காலைக் காட்ட வேண்டும். வெளியிலிருந்து தெரிவதை மட்டும் அல்ல, அன்றைக்குப் பந்தயத்துக்கு முன்னால் மனசுக்குள் ஓடியதையும் சொல்ல வேண்டும். நம்பிக்கை என்று நினைத்தது நம்பிக்கை இல்லை என்று சொல்ல வேண்டும். அதை எந்த வார்த்தையில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வாசலுக்கு வந்தும் தெரியவில்லை.

அம்மா சமையலறையில் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் நான்கு தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"சாப்பிடக் கூப்பிட்டேன். கதவைத் திறக்கல," என்றாள் அம்மா, திரும்பாமலே. "நீ கூப்பிட்டா வருவா."

அவன் குருவியின் அறைக் கதவைத் தட்டினான்.

"நான்தான்."

"திறந்துதான் இருக்கு. வா."

அவள் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கால் நீட்டி இருந்தது. பக்கத்தில் கத்தரிக்கோலும், தீர்ந்துபோன டேப்பின் அட்டை வளையமும் கிடந்தன. கணுக்காலுக்கு மேலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை கால் முழுக்க வெள்ளைக் கட்டு.

"உன் அலமாரியிலேர்ந்து எடுத்தேன். திட்டாதே."

"யார் கட்டினா?"

"நான்தான். எத்தனை வருஷமா உன் பக்கத்துல உக்காந்து பார்த்துட்டிருக்கேன்?" கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. சின்ன வயதில் வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது அவள் முகம் இப்படித்தான் இருக்கும். "அம்மா வேண்டாம்பா, நீயும் வேண்டாம்பேன்னு தெரியும். அதான் யாரையும் கேட்கல. சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லேன்."

அவன் கட்டிலோரம் மண்டியிட்டான். கீழிருந்து பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு சுருக்கம், ஒரு தளர்வு, ரத்த ஓட்டத்தை நெரிக்கிற ஒரே ஒரு இறுக்கமான பட்டை இருந்தால் போதும். 'தப்பு' என்று சொல்லி மொத்தத்தையும் பிரித்து எறிந்துவிடலாம். விரல் நுனியால் ஒவ்வொரு விளிம்பாகத் தொட்டுப் பார்த்தான். முடிந்ததும் மறுபடியும் கீழிருந்து ஆரம்பித்தான்.

"சொல்லுண்ணா," என்றாள் குருவி.

தப்பு எதுவும் இல்லை. அவன் கட்டியிருந்தால் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது.